பதினாலாம் நம்பர்காரர்கள்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

சின்னு எழுதுகிறேன். இங்கே நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். உங்களுக்கும் அண்ணனுக்கும் என் மருமகள் வாண்டுவுக்கும் உடம்பு எப்படி என்று முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

வீடியோவில் பேசலாம் என்றால் போனில் கேமரா உடைந்துவிட்டது என்கிறீர்கள். வெறும் போனில் பேசினால் நான் உங்களைப் பேசவே விடுவதில்லை என்று குறை சொல்கிறீர்கள். சரி, கடிதமே எழுதுவோம். நான் தபால்தலை ஒட்டுவதைப் பார்த்து எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் கிண்டல் செய்கிறார்கள். "யாருக்கு மேடம், லவ் லெட்டரா?" என்றார் பக்கத்து மேஜைக்காரர். "அதுக்கும் மேல. அண்ணிக்கு" என்றேன்.

வீடு மாறியதைக் காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட்டீர்களே! 14, மேட்டுத் தெரு என்று உங்கள் கையெழுத்தில் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன வயதில் நானும் அண்ணனும் அந்தத் தெரு வீடுகளின் கேட்டுக்குள் எட்டிப் பார்த்து, நாய் துரத்த ஓடியிருக்கிறோம். இப்போது அண்ணனே அங்கே குடியிருக்கிறார். பட்டறை நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். எனக்கு எந்த அறை என்று இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

இனி என் வேலை. பிள்ளைகளுக்கு வரும் மூச்சு இழுப்பையும் அவர்கள் வாழும் இடத்தையும் சேர்த்துப் பார்க்கிற ஆராய்ச்சி. நம் ஊரைத்தான் எடுத்திருக்கிறோம். சுகாதாரத் துறை அங்கே மூன்று மூச்சு மையங்கள் திறக்கப்போகிறது. எங்கே கஷ்டமும் நோயும் சேர்ந்து அதிகமோ அங்கே. எது எங்கே என்று சொல்லப்போவது என் அட்டவணைதான். நீங்கள் நர்ஸாக இருக்கும் மருத்துவமனை உட்பட எல்லா இடங்களிலிருந்தும் பதிவுகள் வந்துவிட்டன. பெயர் கிடையாது. முகவரிக்குப் பதில் ஒரு ரகசிய எண்ணும் பகுதியின் பெயரும் மட்டும்.

நோய்க் கணக்கு கைக்கு வந்தாயிற்று. கஷ்டக் கணக்குதான் சிக்கவில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்? அதனால் வேறு மாதிரி கேட்க வேண்டும். ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள், தண்ணீர் வீட்டுக்குள் வருகிறதா, சுவரில் ஈரம் உண்டா, வீட்டில் நிரந்தர வேலை யாருக்காவது இருக்கிறதா. இதையெல்லாம் கூட்டினால் ஒரு பகுதி எவ்வளவு நொடிந்திருக்கிறது என்று தெரியும். அதைத் தேடித்தான் புள்ளிவிவர அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறேன்.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
சின்னு


பிப்ரவரி 27

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் இருக்கிறோம். உன் அண்ணனுக்கு முதுகுவலி, எனக்கு வழக்கம்போல் கால்வலி. வாண்டு நன்றாக இருக்கிறாள், வாய்தான் காது வரை நீள்கிறது.

வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். வீடு இருக்கிறது. காற்றோட்டத்துக்குக் குறைவே இல்லை. பட்டறை கொஞ்சம் மந்தம். ஆண்களுக்கு வேலையைப் பற்றிக் கேட்டால் பிடிக்காது, அவருக்கு எழுதும்போது அதைக் கிளறாதே.

எங்கள் மருத்துவமனைக் கதையைக் கேள். மூச்சுக்கு மருந்துப் புகை கொடுக்கிற நெபுலைசர் ஒன்றே ஒன்று. காலையில் கதவைத் திறக்கும்போதே பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பிள்ளையின் முகத்திலிருந்து மாஸ்க்கை எடுத்துத் துடைத்து அடுத்த பிள்ளைக்கு வைப்பதற்குள் மூன்றாவது நீலம் பாரிக்கிறது. எதை முதலில் பார்ப்பது? நர்ஸ் வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை.

டாக்டரம்மா நேற்று எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "மூச்சு மையம் நமக்குக் கிடைச்சா பிழைச்சோம். இல்லேன்னா வருஷக் கடைசியில இதையும் மூடிருவாங்க. சின்ன இடம், செலவு கட்டுப்படியாகலையாம்." மூடினால் அடுத்த ஆஸ்பத்திரி இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். இழுப்பு வந்த பிள்ளை இரண்டு பஸ் தாங்காது.

அதனால் கேட்கிறேன். சலுகை கேட்பதாக நினைக்காதே. உன் அட்டவணையில் நாங்கள் கண்ணில் படுவோமா?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


மார்ச் 18

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம். உங்கள் கால்வலிக்கு உட்கார்ந்து வேலை பாருங்கள் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள், அதனால் சொல்லவில்லை.

கிடைத்துவிட்டது! புள்ளிவிவர அலுவலகத்தில் முதலில் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தவர் "மேல கேளுங்க" என்றார். மேலே இருந்தவர் "அப்படி ஒண்ணு இருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?" என்றார். அப்படி ஒன்று அவருடைய மேஜைக்குப் பின்னால் இருந்த அலமாரியிலேயே இருந்தது. ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் நெரிசல், தண்ணீர், ஈரம், வேலை, படிப்பு, எல்லாம் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். தூசி தட்டி வாங்கி வந்தேன். மூன்று நாள் தும்மினேன்.

இப்போது நோய்ப் பதிவுகளைச் சுத்தம் செய்து அதோடு பொருத்துகிறேன். நம் ஊர்ப் பதிவுகள் இருக்கிறதே, சிரிப்பாய்ச் சிரிக்கிறது. உங்கள் இடத்துப் பதிவில் ஒரே முகவரி எண்ணில் இருநூறு பிள்ளைகளுக்கு மேல்! ஒரே வீட்டில் இருநூறு பிள்ளைகளா? வயதும் தாறுமாறு. யாரோ தூங்கி வழிந்துகொண்டே பதிந்திருக்கிறார்கள். அத்தனையையும் பிழை என்று தூக்கிவிட்டேன். கோபிக்காதீர்கள், அந்தத் தூங்குமூஞ்சி நீங்களாக இருக்காது.

வாண்டுவுக்கு ஒரு வரைபடப் புத்தகம் அனுப்பியிருக்கிறேன். கிழிக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்.

கணக்கும் கையுமாக,
சின்னு


ஏப்ரல் 5

சின்னுவுக்கு,

எல்லோரும் நலம். வாண்டுவுக்குச் சின்னச் சளி, சரியாகிவிட்டது. புத்தகம் வந்தது.

நீ தூக்கிப்போட்ட இருநூறு பிள்ளைகளைத் திரும்ப வைத்துவிடு. அது பிழை இல்லை. காரணம் கேட்காதே.

உன் அண்ணி


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

சளி போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா? நாலு வரியில் கடிதம் எழுதும் ஆள் இல்லையே நீங்கள்.

காரணம் இல்லாமல் நான் எதையும் வைக்க முடியாது, எடுக்கவும் முடியாது. எங்கள் ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியர் கேட்டால் 'என் அண்ணி சொன்னாங்க' என்றா சொல்வேன்? கணக்குக்கு உறவுமுறை தெரியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் பகுதி ஊரிலேயே இரண்டாவது வசதியான பகுதி என்று வந்திருக்கிறது. பெரிய வீடுகள், வீட்டுக்கு இரண்டு கார், தண்ணீர்த் தொட்டி, தோட்டம். இழுப்பும் குறைவு. மையம் உங்களுக்குக் கிடைக்காது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்களைவிடக் கஷ்டப்படும் இடங்களும் இருக்கின்றன அல்லவா? அறிக்கையை ஜூன் கடைசியில் கொடுக்கிறோம்.

என் மேல் கோபம் இருந்தால் திட்டியாவது எழுதுங்கள்.

சின்னு


மே 21

அன்புள்ள அண்ணிக்கு,

ஏப்ரல் கடிதத்துக்கும் பதில் இல்லை, அதற்குப் பிறகு போட்டதற்கும் இல்லை. நீங்கள் நலம்தானா என்று கேட்கவே இப்போது பயமாக இருக்கிறது.

நீங்கள் என்னிடம் இதுவரை எதுவுமே கேட்டதில்லை. என் படிப்புக்கு உங்கள் வளையலைக் கொடுத்தபோதுகூட, "போட்டா கை அரிக்குது" என்று சொல்லித்தான் கொடுத்தீர்கள். அப்படிப்பட்டவர் 'திரும்ப வை' என்று எழுதினால் அதில் ஏதோ இருக்க வேண்டும். அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நேற்று எங்கள் நிலையத்தின் பதிவறைக்குப் போனேன். ரகசிய எண்களுக்கு உண்மையான முகவரி எது என்று அங்கே ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். நாங்கள் அவரைப் பூட்டுக்காரர் என்போம். எண்ணைச் சொல்லி, இது உண்மையான வீடா, பிழையா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். முகவரியைச் சொல்லக்கூடாது என்று சட்டம். ஆனால் மனுஷன் வாய்விட்டுப் படித்துவிட்டார்.

"பதினாலு, மேட்டுத் தெரு. வீடு மாதிரிதான் இருக்கு மேடம். ஏன், தெரிஞ்ச இடமா?"

"எங்க அண்ணன் வீடு" என்றேன்.

அவர் சிரித்தார். "உங்க அண்ணனுக்கு இருநூறு பிள்ளைங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதக் கணக்காக என் கையால் உறைமேல் எழுதிவரும் முகவரி அது.

அண்ணி, கேமரா உடையவில்லை, அப்படித்தானே? நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

சின்னு


ஜூன் 2

என் சின்னுவுக்கு,

உயிரோடு இருக்கிறோம், பயப்படாதே. இந்தத் தடவை நலம் என்று எழுதி உன்னை ஏமாற்றப் போவதில்லை.

14, மேட்டுத் தெரு ஒரு தையல் கடை. ஒரு கதவு, ஒரு மிஷின், வெட்டுவதற்கு ஒரு பெரிய மேஜை. அதற்குப் பக்கத்தில் ஒரு படிக்கட்டு இறங்குகிறது. கீழே ஐஸ் தொழிற்சாலையின் பின்சுவர் வரை எங்கள் பள்ளம். நீயும் அண்ணனும் ஓடியாடிய காலத்தில் அது புதர்க்காடாக இருந்ததாம். இப்போது ஒன்றின் மேல் ஒன்றாக வீடுகள். தெருவுக்குப் பெயர் கிடையாது, முதல் சந்து, இரண்டாவது சந்து என்று நாங்களே எண்ணிக்கொள்கிறோம். தொழிற்சாலைச் சுவர் கோடையிலும் கசியும். அந்தச் சுவரில்தான் எங்கள் வீடும் முதுகைச் சாய்த்திருக்கிறது.

போன வருஷக் கடைசியில் பட்டறை கடனில் மூழ்கிவிட்டது. உன் அண்ணன் இப்போது ஐஸ் பாளம் ஏற்றுகிறார். முதுகுவலி அதனால்தான். தங்கைக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். இப்போது சத்தியத்தை மீறிவிட்டேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

பள்ளம் என்று சொன்னால் நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை. வீட்டு வேலைக்குக்கூட, "பள்ளமா? வேணாம்மா" என்கிறார்கள். அதனால் கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் தையல்காரர் கடைதான் முகவரி. எல்லோர் தபாலையும் அவர் வாங்கி வைக்கிறார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. நாங்கள் எங்களையே பதினாலாம் நம்பர்காரங்க என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம். மருத்துவமனையில் முகவரி கேட்டாலும் எல்லோரும் அதையே சொல்வார்கள். தெரிந்தேதான் நானும் எழுதினேன். தூங்கி வழியவில்லை.

நீ தூக்கிப்போட்டவர்களில் வாண்டுவும் ஒருத்தி. சின்னச் சளி என்று எழுதினேனே, அன்று அவள் என் கையில் துவண்டுவிட்டாள். நெபுலைசரில் வேறொரு பிள்ளை இருந்தது. அந்தப் பிள்ளையின் மாஸ்க்கை நான் பிடுங்கவில்லை. காத்திருந்தேன். எப்படிக் காத்திருந்தேன் என்று என்னைக் கேட்காதே.

உன்னிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் அது என் ஒருத்தியின் ரகசியம் இல்லையே. நீ அறிக்கையில் எழுதி, அது பேப்பரில் வந்து, பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் இத்தனை பிள்ளைகளும் வெளியே நிற்கும். எழுதாவிட்டால் மருத்துவமனை போகும். நீ படித்தவள். எங்களைக் காட்டிக்கொடுக்காமல் எங்களைக் கணக்கில் சேர்க்க வழி இருக்கிறதா?

உன் அண்ணி


ஜூன் 13

அன்புள்ள அண்ணிக்கு,

வாண்டுவின் மூச்சு எப்படி இருக்கிறது? ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியில் இதை எழுதுங்கள். பொய் எழுதினால் கொன்றுவிடுவேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகக் கழிப்பறையில் போய் அழுதேன். பிறகு அண்ணன் மேல் கோபம் வந்தது. பிறகு உங்கள் மேல். கடைசியாக என் மேல் வந்த கோபம்தான் போகவில்லை. என் மருமகளை ஒரு பொத்தானை அழுத்தி இல்லாமல் ஆக்கிவிட்டு, சிரிப்பாய்ச் சிரிக்கிறது என்று உங்களுக்கே எழுதியிருக்கிறேன்.

அழுது முடித்ததும் வேலையைப் பார்த்தேன். இருநூறு பேரையும் திரும்ப வைத்தேன். வைத்தால் இன்னொரு கூத்து. மேட்டுத் தெருவின் காரும் தோட்டமும் உங்கள் பிள்ளைகளின் இழுப்பும் ஒரே பகுதிக் கணக்கில் கலந்து, பணக்காரப் பிள்ளைகளுக்குத்தான் மூச்சு வாங்குகிறது என்று வருகிறது! மேட்டையும் பள்ளத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சமதரை. அப்படி ஒரு தரையில் யாருமே குடியிருக்கவில்லை.

மறுபடி புள்ளிவிவர அலுவலகத்துக்கு ஓடினேன். பகுதியைவிடச் சின்னதாக ஏதும் உண்டா என்று கேட்டேன். கணக்கெடுக்கப் போகிறவர்கள் ஒரு பகுதியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்வார்களாம், ஏறக்குறைய நூறு வீட்டுக்கு ஒரு கட்டம். அந்தக் கணக்கு இருக்கிறது. ஆனால் வெளியே தரமாட்டார்கள். பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து, போனைக் கொடுத்துவிட்டு, கண்ணால் பார்த்துக் கூட்டுத்தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு வரலாம்.

பார்த்தேன், அண்ணி. படிக்கட்டிலிருந்து ஐஸ் தொழிற்சாலைச் சுவர் வரை மூன்று கட்டங்கள். வீட்டுக்குள் தண்ணீர்: ஒரு வீட்டிலும் இல்லை. ஈரச்சுவர்: எல்லா வீட்டிலும். யாரோ ஒரு கணக்கெடுப்பாளர் படிக்கட்டு இறங்கி வந்து, வீடு வீடாகக் கேட்டு எழுதியிருக்கிறார். அப்புறம் யாரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை. ஊரிலேயே மிக நொடிந்த மூன்று கட்டங்கள் ஊரின் இரண்டாவது பணக்காரப் பகுதிக்குள் ஒளிந்திருக்கின்றன.

இனி ஒன்றே ஒன்று வேண்டும். எந்தக் கட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு இழுப்பு? எனக்கு முகவரி வேண்டாம், பெயரும் வேண்டாம். கட்டத்துக்கு ஓர் எண் போதும். பெற்றவர்கள் சம்மதித்து, நீங்களும் டாக்டரம்மாவும் மருத்துவமனைச் சீட்டைச் சரிபார்த்து எண்ணிக் கொடுத்தால் கணக்கு செல்லும். எண்ணிய சுவடே இருக்கக்கூடாது. பேராசிரியரிடம் முழுவதையும் சொல்லிவிட்டேன். என்னை வெளியே அனுப்புவார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஜூலை கடைசி வரைக்கும் நான் தள்ளிப்போடறேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார்.

கட்டங்களின் எல்லைகளை இத்துடன் வரைந்து அனுப்புகிறேன்.

உங்கள் மக்கு நாத்தனார்,
சின்னு


ஜூலை 9

என் சின்னுவுக்கு,

வாண்டுவுக்கு மூச்சு சீராக இருக்கிறது. இது நிஜம், டாக்டரம்மாவே கையெழுத்துப் போடத் தயார்.

கூட்டம் தையல் கடையில். எத்தனை பேர் வருவார்களோ என்றிருந்தேன். கடை கொள்ளாமல் படிக்கட்டு வரை உட்கார்ந்துவிட்டார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் சேர்ந்து வாயைத் திறந்தார்கள்.

"நல்லா இருக்கே! நாமளே போய் நாங்க பள்ளம்னு சொல்றதா?"

"ஸ்கூல்ல தெரிஞ்சா எம் பொண்ணைத் துரத்திருவாங்க. நீங்க வந்து சேர்த்து விடுவீங்களா?"

"கணக்கு எடுக்கறோம்னு எத்தனை பேர் வந்தாங்க. என்ன கெடைச்சுது?"

எல்லாமே நியாயமான கேள்வி. தையல்காரர்தான் துணிகளை ஓரம்கட்டி, வெட்டும் மேஜையைக் காலி செய்தார். "எழுதாம எண்ணலாமில்ல?" என்றார். நீ அனுப்பிய கோடுகளைப் பார்த்து மேஜைமேல் சாக்கட்டியால் படிக்கட்டு, சந்துகள், தொழிற்சாலைச் சுவர் எல்லாம் வரைந்து, மூன்று கட்டங்களாகப் பிரித்தேன். அவர் சட்டைப் பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். இழுப்பு இருக்கிற பிள்ளைக்கு ஒரு பொத்தான். வீடு இருக்கிற கட்டத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். டாக்டரம்மா சீட்டை மட்டும் பார்ப்பார். எண்ணி முடித்ததும் பொத்தான் டப்பாவுக்கு, சாக்கட்டிக் கோடு துடைப்பத்துக்கு.

அப்போதும் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் ஒரு சிவப்புப் பொத்தானை எடுத்தேன். இதுவரை மற்ற சந்துகளில் பாதிப் பேர் என்னை மேலே குடியிருக்கிற நர்ஸம்மா என்றே நினைத்திருந்தார்கள். நானும் அப்படியே விட்டிருந்தேன். சுவரை ஒட்டிய கட்டத்தில் அதை வைத்து, "இது என் பொண்ணு" என்றேன். படிக்கட்டில் நின்றிருந்த உன் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பொத்தானைக் கொஞ்சம் நகர்த்தினார். "நம்ம வீடு இதுக்கு அடுத்தது. கணக்குன்னா சரியா இருக்கணும்" என்றார். கடையே சிரித்தது. பிறகு வரிசை நின்றது, சின்னு! மூன்று பிள்ளைக்காரி மூன்று பொத்தானையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக வைத்தாள். டப்பாவில் பொத்தான் தீர்ந்து, தையல்காரர் தைத்து வைத்திருந்த சட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்தார்.

மூன்று எண்களும் டாக்டரம்மாவின் கையெழுத்தோடு இதில் இருக்கின்றன. மேஜையை நானே துடைத்தேன். இனி உன் பாடு.

உன் அண்ணி


ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணி, அண்ணா, வாண்டு, டாக்டரம்மா, தையல்காரர் மற்றும் எல்லா நம்பர்காரர்களுக்கும்,

எல்லோரும் நலம் என்ற செய்தியோடு பதில் வர வேண்டும். அதற்கு முன் இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும்.

நேற்று சுகாதாரத் துறையில் கூட்டம். நீளமான மேஜை, நடுவில் இயக்குநர். அறிக்கையின் முதல் பக்கத்தில் உங்கள் மூன்று கட்டங்கள். மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு இழுப்பு. படிக்கட்டுக்கு மேலே இழுப்புள்ள பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு படிக்கட்டு மட்டும்தான்.

இயக்குநர் நிமிர்ந்தார். "மேட்டுத் தெருப் பக்கத்துலயா? என்னம்மா இது, என் மச்சானே அங்கதான் இருக்கார். அங்க என்ன கஷ்டம்?"

"உங்க மச்சான் வீட்டு மொட்டைமாடியில நின்னு கீழ பாத்தா தெரியும் சார்" என்றேன்.

பேராசிரியர் இருமினார். சிரிப்பை மறைக்கத்தான் என்று பிறகு சொன்னார்.

"சரி, அந்தப் பிள்ளைங்களோட அட்ரஸ் லிஸ்டைக் குடுங்க. சரிபார்க்கணும்."

"இல்லை சார்."

"இல்லைன்னா?"

"எண்ணி முடிச்சதும் கலைச்சுட்டோம். டாக்டர் கையெழுத்து இருக்கு. கட்டத்தோட கணக்கு உங்க அரசாங்கமே எடுத்தது. சந்தேகம்னா ஒரு டாக்டரை அனுப்புங்க, படிக்கட்டுல அரை நாள் உக்காந்து மூச்சுச் சத்தத்தைக் கேக்கட்டும். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடறதுக்கு நாங்க லிஸ்ட் தரமாட்டோம்."

'தரமாட்டோம்' என்று சொல்லிவிட்டு என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். இயக்குநர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர், "அவங்க சொல்றதுதான் எங்க நிலையத்தோட பதிலும்" என்றார். பிறகு இயக்குநர் பக்கத்தைத் திருப்பி, ஈரச்சுவர் எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

மூன்று மையங்களில் முதலாவது உங்களுக்கு! மருத்துவமனை மூடப்படாது. ஆறு நெபுலைசர், இன்னொரு டாக்டர், ஆக்ஸிஜன். இனி ஊர் முழுவதும் கட்டம் கட்டமாகத்தான் பார்க்க வேண்டும் என்றும் எழுதிவிட்டார். பள்ளம் என்ற பெயர் அறிக்கையில் இல்லை. மூன்று எண்கள்தான் இருக்கின்றன.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து விசில் அடித்தேன். எனக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று பேராசிரியருக்கு இப்போதுதான் தெரியும்.

அண்ணா, இனிமேல் எதையாவது மறைத்தால் அண்ணன் என்றும் பார்க்கமாட்டேன்.

தலை நிமிர்ந்து நடக்கும்,
சின்னு


அக்டோபர் 16

என் செல்லச் சின்னுவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம், எழுத்துக்கு எழுத்து உண்மை. வாண்டு படிக்கட்டை ஒரே மூச்சில் ஏறிவிட்டு, மேலே நின்று "அத்தைகிட்ட எழுதுங்கம்மா" என்று கத்துகிறாள். உன் கடிதத்தைத் தையல்காரர் மூன்று தடவை படிக்கவைத்தார். மொட்டைமாடி இடம் வரும்போதெல்லாம் கைதட்டல்.

மையம் திறந்தாயிற்று. ஆறு மெஷினும் ஒன்றாக ஓடும் சத்தம் இருக்கிறதே, அதைப் போல் ஒரு சங்கீதத்தை நான் கேட்டதில்லை. எதை முதலில் பார்ப்பது என்ற கேள்வியே இப்போது எனக்கு வருவதில்லை. மையத்துப் பதிவேடு வெளியே போகாது, அதனால் எங்கள் ஆட்கள் சந்து எண்ணையே சொல்லிப் பதிகிறார்கள். எந்தப் பள்ளிக்கூடமும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

நேற்று நடந்ததைக் கேள். வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. மேட்டுத் தெரு வீட்டம்மா ஒருத்தி, ஐந்து வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தாள். பையனுக்கு விலா உள்வாங்குகிறது. நான் அவனை வாங்கிக்கொண்டு போய் மாஸ்க்கை வைத்துவிட்டேன். சிகிச்சை நிற்கவில்லை, வம்பு பதிவு மேஜையில்தான். புதிதாக வந்த பெண், சட்டம் பேசுகிறவள்.

"எந்த ஏரியா?"

"மேட்டுத் தெரு."

"இது இந்த மூணு கட்டத்துக்கு மட்டும்னு உத்தரவும்மா. முதல் தடவை பாத்துருவோம். அடுத்த தடவையிலேருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், பதிவு போட முடியாது."

அந்த அம்மா பையனைத் திரும்பிப் பார்த்தாள். மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "பள்ளம்னு போட்டுக்குங்களேன், ப்ளீஸ்."

"பள்ளத்துல எந்த சந்து?"

அவளுக்குத் தெரியவில்லை. விழித்தாள். அந்த முழி எனக்குத் தெரியும், சின்னு. பள்ளிக்கூட வாசல்களில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் முழித்திருக்கிறோம். வரிசையில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று நான் மேஜைப் பக்கம் வந்து நின்றேன். அவள் வீட்டில் வேலை கேட்டுப்போய்த் திரும்பிவந்தவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

மூன்று பொத்தான் வைத்தாளே, அந்த மூன்று பிள்ளைக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மூணாவது சந்து. எங்க பக்கத்து வீடுதான். எழுதும்மா."

பதிவுப் பெண் அவளைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆமா, மூணாவது சந்துதான். எனக்குத் தெரியும்" என்றேன். பின்னாலிருந்து இன்னும் நாலு குரல், "ஆமா, ஆமா, நம்ம சந்துதான்!" பெண் எழுதிவிட்டாள்.

பையனுக்கு முகத்தில் ரத்தம் திரும்பியதும் அந்த அம்மா மூன்று பிள்ளைக்காரியிடம் போய் நின்றாள். "உங்களுக்கு நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம். ஸ்கூல்ல யாராவது எங்களைக் கேட்டா, நீங்களும் எங்களை மேட்டுத் தெருன்னு சொல்லுங்க. கணக்குச் சரியாயிடும்."

உன் அண்ணி
மூன்றாவது சந்து, பள்ளம்